பழைய சரக்குந்துகளில் எல்.இ.டி. விளக்கு மாற்றமும் மின் பழுதுகளும்

இழை விளக்குகளை எண்ணி வடிவமைக்கப்பட்ட பழைய சரக்குந்துகளில், அவ்விளக்குகளை எடுத்துவிட்டு ஒளியுமிழ் இருமுனைய விளக்குகளைப் பொருத்தும்போது பலவகை மின் பழுதுகள் தோன்றுவதுண்டு. பேச்சு வழக்கில் லாரி எனப்படும் சரக்குந்தின் திசைகாட்டி விளக்கு மினுக்காமல் நிலையாக எரிதல், இருபக்க விளக்குகளும் ஒருசேர மினுக்குதல், நிறுத்தமிதியை அழுத்தினால் முகப்புப் பலகை ஒளிர்தல், சாவியை எடுத்த பின்னும் விளக்கு மங்கலாக எரிதல் ஆகியன இவற்றுள் அடிக்கடி காணப்படுபவை. புதிய விளக்கு பழுதானது என்று கருதி அதையே மீண்டும் மீண்டும் மாற்றுவது பட்டறைகளில் வழக்கம். பெரும்பாலான நேர்வுகளில் விளக்கில் குறை எதுவும் இராது. பழைய மின்சுற்று இழை விளக்கின் இயல்புகளை நம்பி அமைக்கப்பட்டிருப்பதும், ஆண்டுக்கணக்கில் துருவேறிய இணைப்புகளுமே காரணமாக அமைகின்றன.

பின்னணி

இந்தியாவில் இன்றும் ஓடும் பழைய சரக்குந்துகளின் மின்னமைப்பு இரண்டு மரபுகளில் இருந்து வந்ததாகும். ஒன்று பிரித்தானிய மரபு. 1948இல் சென்னையை அடுத்த எண்ணூரில் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பின்னர் லேலண்டு நிறுவனத்துடன் இணைந்து 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறியது. மற்றொன்று செருமானிய மரபு. டாட்டா குழுமத்தின் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்சு நிறுவனத்துடன் 1954இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சம்சேத்பூரில் சரக்குந்துகளை உருவாக்கியது. இக்கூட்டு 1969இல் முடிவுற்றது. சென்னை பாடியில் 1961இல் நிறுவப்பட்ட லூக்காசு-டிவிஎசு, தொடக்கி, மின்னாக்கி முதலிய வாகன மின்பொருட்களை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழும் இருமுனையத்தை நிக் கோலோன்யாக் 1962இல் செய்துகாட்டினார். அது சிவப்பு ஒளி தந்தது. வெள்ளை ஒளிக்குத் தேவையான நீல ஒளியுமிழ் இருமுனையம் 1990களின் தொடக்கத்திலேயே கைகூடியது. அதற்காக அகாசாக்கி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே டாட்டா 1210, லேலண்டு காமெட் போன்ற வண்டிகளின் கம்பிச்சட்டத்தை வரைந்தவர்கள் இப்படி ஒரு விளக்கு வரும் என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் இது வெறும் அழகுபடுத்தும் வேலை அன்று. விழுப்புரத்தில் இருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையிலும், திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் நெடுஞ்சாலையிலும் இரவு முழுவதும் சரக்குந்துகள் ஓடுகின்றன. முண்டியம்பாக்கம் போன்ற இடங்களில் உள்ள சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளில் சுமை பின்புறம் நீண்டு தொங்கும். மெதுவாகச் செல்லும் அத்தகைய வண்டியின் பின்விளக்கு எரியாவிட்டால், பின்னால் வருபவர் அதைக் காணும்போது நிறுத்துவதற்குத் தூரம் இராது. மங்கிய இழை விளக்கை மாற்ற உரிமையாளர்கள் விரும்புவதற்கு இதுவே முதன்மைக் காரணம். மாற்றிய பின் நிறுத்த விளக்கோ திசைகாட்டியோ வேலை செய்யாமற் போனால், பழைய மங்கலான விளக்கே மேல் என்றாகிவிடும்.

இழை விளக்குக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் உள்ள வேறுபாடு

திசைகாட்டியிலும் நிறுத்த விளக்கிலும் வழக்கமாக இடப்படுவது 21 வாட் இழை விளக்காகும். 12 வோல்ட் வண்டியில் இது 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 7 ஓம். குளிர்ந்த நிலையில் தடை இதனினும் மிகக் குறைவு. அதாவது, அணைந்திருக்கும் இழை விளக்கு மின்சுற்றைப் பொறுத்தவரை அடிச்சட்டகத்தோடு இணைக்கப்பட்ட ஒரு கம்பித் துண்டு போன்றதே. அதற்கு நேர், எதிர் என்ற திசை வேறுபாடும் இல்லை.

அதே இடத்தில் பொருத்தப்படும் எல்.இ.டி. விளக்கு 2 அல்லது 3 வாட் மட்டுமே எடுக்கும். 12 வோல்ட்டில் இது 0.2 ஆம்பியர் அளவே. உள்ளே பல இருமுனையங்கள் தொடராக இருப்பதால் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழே அது மின்னோட்டத்தை ஏற்பதேயில்லை. அந்த வரம்பைத் தாண்டினால் சில மில்லி ஆம்பியருக்கே ஒளிரத் தொடங்கிவிடும். மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே பாயும். கீழே கூறப்படும் பழுதுகள் அனைத்தும் இந்த மூன்று இயல்புகளில் இருந்து பிறப்பவை.

முதற் சோதனை

பழுது தேடும் முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய சுற்றில் எல்.இ.டி. விளக்குகளைக் கழற்றி, பழைய இழை விளக்குகளைத் திரும்பப் பொருத்திப் பார்க்க வேண்டும். பழுது மறைந்தால் சுற்றின் வடிவமைப்பில் தேட வேண்டும். பழுது நீடித்தால் அது முன்பே இருந்த கம்பிப் பழுது. இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டுக் கம்பிச்சட்டத்தை அவிழ்ப்பவர்கள் பலர்.

அடுத்து, வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை மின்கலனிலேயே அளந்து உறுதி செய்தல் வேண்டும். இரண்டு 12 வோல்ட் மின்கலன்கள் இருப்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யக்கூடாது. அவை தொடராக இணைக்கப்பட்டிருந்தால் 24 வோல்ட், பக்கவாட்டில் இணைக்கப்பட்டிருந்தால் 12 வோல்ட். பொறி ஓடும்போது இவை முறையே 28, 14 வோல்ட் அளவுக்கு உயரும். 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகளைத் தொடராக இணைப்பது நல்ல முறையன்று. இரண்டும் மின்னழுத்தத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. கூடுதல் பங்கைத் தாங்கும் விளக்கு முதலில் கருகும், உடனே மற்றதும் அணையும்.

பிரித்தானிய வடிவமைப்பைப் பின்பற்றிய மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் மின்கலனின் நேர்முனை அடிச்சட்டகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். சாதாரண எல்.இ.டி. விளக்கு அத்தகைய வண்டியில் எரியவே எரியாது. இருதிசையிலும் இயங்கும் விளக்கையே வாங்க வேண்டும்.

திசைகாட்டி மினுக்காமை

பட்டறைகளில் பிளாசர் எனப்படும் மினுக்கி, பழைய வண்டிகளில் வெப்பத்தால் இயங்குவது. ஒரு வகையில் விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டமே ஈருலோகப் பட்டை ஒன்றைச் சூடாக்கும். சூடேறிய பட்டை வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் திரும்பி வந்து இணைக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு 21 வாட் விளக்குகளுக்கு 3.5 ஆம்பியர் பாய்ந்த இடத்தில் 0.4 ஆம்பியர் மட்டும் பாய்ந்தால் பட்டை சூடேறாது. ஆகவே விளக்கு நிலையாக எரிந்துகொண்டே இருக்கும். வேறொரு வகையில் இணைப்பு முதலில் திறந்திருக்கும். சூட்டுக்கம்பி வழியே விளக்குகளுக்குச் சிறிதளவு மின்னோட்டம் பாய்ந்து, அக்கம்பி நீண்ட பின்பே இணைப்பு மூடும். இவ்வகையில் எல்.இ.டி. விளக்கு பொருத்தினால் மினுக்கி 'டக்' என்ற ஒலியே எழுப்பாது, விளக்கும் எரியாது.

பிற்கால மின்னணு மினுக்கிகளில் சிக்கல் வேறு. அவை மின்னோட்டம் குறைந்தால் ஒரு விளக்கு கருகிவிட்டதாகக் கொண்டு, ஓட்டுநரை எச்சரிக்க இருமடங்கு விரைவாக மினுக்கும். நடுவண் மோட்டார் வாகன விதிகள், 1989 திசைகாட்டி நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டும் என்கின்றன. விரைந்து மினுக்கும் விளக்கு இவ்வரம்பைத் தாண்டிவிடும். எட்டாண்டுகளைக் கடந்த சரக்குந்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டியிருப்பதால் இது ஏட்டளவிலான செய்தியன்று.

இதற்கான தீர்வுகள் இரண்டு. முதலாவது, சுமையைச் சாராத மின்னணு மினுக்கியைப் பொருத்துவது. இதுவே சிறந்தது. பழைய மினுக்கிக்குப் பெரும்பாலும் இரண்டு முனைகளே உண்டு. புதியதற்கு மின்கலன், விளக்கு, அடிச்சட்டகம் என மூன்று முனைகள். மூன்றாவது முனைக்குத் தனியே ஒரு கம்பி இழுத்து அடிச்சட்டகத்தில் துருநீக்கிய இடத்தில் முடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'புதிய பிளாசரும் பழுது' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

இரண்டாவது தீர்வு, ஒவ்வொரு எல்.இ.டி. விளக்குக்கும் பக்கவாட்டில் ஒரு மின்தடையை இணைத்து இழை விளக்கின் சுமையைப் போலச் செய்வது. கடைகளில் பரவலாகக் கிடைப்பது 6 ஓம், 50 வாட் என்று பொறித்த பொன்னிறத் தடை. இது 12 வோல்ட் வண்டிக்கு உரியது. 14 வோல்ட்டில் இது ஏறத்தாழ 33 வாட் வெப்பத்தை வெளியிடும். இதே தடையை 24 வோல்ட் வண்டியில் பொருத்தினால் 24 × 24 ÷ 6 = 96 வாட் ஆகும். பொறி ஓடும்போது 28 வோல்ட்டில் இது 130 வாட்டையும் தாண்டும். 50 வாட் தடை இதைத் தாங்காது. 24 வோல்ட் வண்டிக்கு 27 ஓம் அளவுள்ள தடையே பொருத்தம்.

சரியான தடையும்கூடத் தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடேறும். அதை உலோகப் பரப்பில், கம்பிகளில் இருந்து விலக்கி, திருகாணி கொண்டு பொருத்துதல் வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் கட்டப்பட்ட பழைய உடற்கட்டுகள் பலவும் மரப்பலகையால் ஆனவை. விளக்குப் பெட்டிக்குப் பின்னால் உள்ள பலகையில் தடையைக் கட்டித் தொங்கவிடுவதும், அதன்மேல் கரும்புச் சோகை படிவதும் தீயை வரவழைத்துக் கொள்வதாகும். நிறுத்த விளக்குக்கு இத்தடை தேவையே இல்லை. பழைய வண்டிகளில் நிறுத்த விளக்கின் மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் கருவி எதுவும் கிடையாது. ஓட்டுநர் நெரிசலில் மிதியை அழுத்தியே நிற்கும்போது தடை இடைவிடாமல் காயும் என்பதே மிச்சம். மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விளக்கின் பக்கத்தில் அடுப்பு ஒன்றை மூட்டும் இம்முறையைப் பொறியியல் நோக்கில் பரிந்துரைப்பது கடினம்.

இருபக்கமும் ஒருசேர மினுக்குதல்

மினுக்கியை மாற்றிய பிறகு வெளிப்படும் பழுது இது. இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் நான்கு விளக்குகளும் மினுக்கும். ஒரு பக்கம் சற்று மங்கலாகத் தெரியலாம். பின்னால் வருபவருக்கு வண்டி திரும்பப் போகிறதா, பழுதாகி நிற்கிறதா என்பது விளங்காது.

காரணம் முகப்புப் பலகையில் உள்ள ஒற்றைக் குறிவிளக்கு. இரு திசைக்கும் ஒரே குறிவிளக்கு கொண்ட வண்டிகளில், அவ்விளக்கின் ஒரு முனை இடப்பக்கச் சுற்றோடும் மறுமுனை வலப்பக்கச் சுற்றோடும் இணைக்கப்பட்டிருக்கும். அதற்கென்று அடிச்சட்டக இணைப்பு கிடையாது. இடப்பக்கம் மின்சாரம் பெறும்போது குறிவிளக்கின் மின்னோட்டம் வலப்பக்கத்து அணைந்த இழைகளின் வழியாக அடிச்சட்டகத்தை அடையும். 12 வோல்ட், 2 வாட் குறிவிளக்கின் தடை 72 ஓம். வலப்பக்கத்து இரண்டு இழைகளும் சேர்ந்து 3.5 ஓமுக்கும் குறைவு. எனவே மின்னழுத்தம் முழுவதும் குறிவிளக்கிலேயே விழும். வலப்பக்கத்தில் அரை வோல்ட்கூடத் தேறாது. ஒரு கம்பியை மிச்சப்படுத்திய திறமையான அமைப்பு இது.

இழைகளுக்குப் பதில் எல்.இ.டி. வந்ததும் வலப்பக்கத்தில் அந்தக் குறைந்த தடை இல்லாமற் போகிறது. குறிவிளக்கின் வழியே வரும் 0.1 ஆம்பியர் அளவு மின்னோட்டமே வலப்பக்க எல்.இ.டி.களை ஒளிரச் செய்யப் போதுமானது. குறிவிளக்கு மங்கி விடுகிறது.

இதைச் சரிசெய்ய 1என்4007 வகை இருமுனையங்கள் இரண்டு போதும். குறிவிளக்கின் இரு கம்பிகளையும் கழற்றி, அதன் ஒரு முனையை அடிச்சட்டகத்தோடு இணைக்க வேண்டும். கழற்றிய இரு கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இருமுனையத்தின் நேர்மின்வாயை இணைத்து, இரண்டின் எதிர்மின்வாய்களையும் சேர்த்துக் குறிவிளக்கின் மறுமுனைக்குக் கொடுக்க வேண்டும். இருமுனையத்தின் உடலில் வெள்ளிநிற வளையம் உள்ள பக்கமே எதிர்மின்வாய். இனி எப்பக்கத்தில் இருந்தும் மின்சாரம் குறிவிளக்குக்கு வரலாம்; ஒருபக்கத்தில் இருந்து மறுபக்கம் செல்ல முடியாது. நேர்முனை அடிச்சட்டகம் கொண்ட வண்டியில் இருமுனையங்களைத் திருப்பிப் போட வேண்டும். பின்விளக்குகளை மட்டும் மாற்றி, முன்பக்கத் திசைகாட்டிகளில் இழை விளக்குகளை விட்டுவைத்த வண்டிகளில் இப்பழுது தோன்றுவதில்லை. முன்விளக்கின் இழையே அடிச்சட்டகத்துக்கு வழி தந்துவிடும்.

அடிச்சட்டக இணைப்பின் பழுது

எர்த் என்று பரவலாக அறியப்படும் அடிச்சட்டக இணைப்பே பழைய சரக்குந்தின் மின்பழுதுகளில் பெரும்பங்குக்குக் காரணம். விளக்குப் பெட்டி, அதைத் தாங்கும் தகடு, திருகாணி, அடிச்சட்டகம் என ஒவ்வொரு சந்திப்பிலும் துரு சேர்கிறது. கடலோரத்தை ஒட்டி ஓடும் வண்டிகளில் இது இன்னும் விரைவு.

துருவேறிய ஒரு சந்திப்பின் தடை 1 ஓம் என்று கொள்வோம். 21 வாட் இழை விளக்கில் இதனால் 1.5 வோல்ட் இழப்பு ஏற்படும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக விரைவாகக் குறையுமாதலால், ஒளி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அதே சந்திப்பில் 0.2 ஆம்பியர் எடுக்கும் எல்.இ.டி. விளக்கு இழப்பது 0.2 வோல்ட் மட்டுமே. விளக்கு முழு ஒளியுடன் எரியும். இங்கே ஒரு பொறி உண்டு. எல்.இ.டி. நன்றாக எரிவதால் இணைப்பும் நன்றாக இருப்பதாகப் பொருளாகாது. மழைக்காலத்தில் அச்சந்திப்பு முற்றிலும் அறுந்துபோகும் நாளில்தான் பழுது தெரியவரும்.

இணைப்பு முற்றிலும் அறுந்த பின் நடப்பதும் கவனிக்கத் தக்கது. இரட்டை முனை விளக்கில் நிறுத்த ஒளிக்கும் பின்னொளிக்கும் அடிச்சட்டக வழி பொதுவானது. அது அறுந்தால் நிறுத்த விளக்கின் மின்னோட்டம் பின்னொளிக் கம்பியின் வழியே திரும்பி, அதே சுற்றில் உள்ள முகப்புப் பலகை விளக்குகளின் வழியாக அடிச்சட்டகத்தைத் தேடும். மிதியை அழுத்தும்போது வேகமானியின் விளக்கு எரிவது இதனால்தான். மலிவான இரட்டை முனை எல்.இ.டி. விளக்குகளில் இரு சுற்றுகளையும் பிரிக்கும் உள் இருமுனையம் இல்லாவிட்டாலும் இதே அறிகுறி தோன்றும். இழை விளக்கை மாற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்பது தெளிவாகும்.

சோதிக்கும் முறை எளியது. பன்னோக்கு அளவியை வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையை மின்கலனின் அடிச்சட்டக முனையிலும் மறுமுனையை விளக்குப் பெட்டியின் உலோகக் கூட்டிலும் வைத்து, விளக்கை எரியவிட வேண்டும். அளவி 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் துரு உள்ளது. இச்சோதனையின்போது பெட்டியில் இழை விளக்கு இருத்தல் இன்றியமையாதது. எல்.இ.டி.யின் சிறு மின்னோட்டத்தில் கெட்ட சந்திப்பும் நல்லதாகவே தோன்றும். அளவி இல்லாதவர்கள் 21 வாட் இழை விளக்கொன்றில் இரண்டு கம்பி இணைத்த சோதனை விளக்கைப் பயன்படுத்தலாம். பழைய மின்பணியாளர்களின் இக்கருவி, சுமையோடு சோதிப்பதால் சில வேளைகளில் விலையுயர்ந்த அளவியை விட உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு விளக்குப் பெட்டியில் இருந்தும் தனிக் கம்பி இழுத்து அடிச்சட்டகத்தின் ஒரே இடத்தில் சேர்ப்பது நிலையான தீர்வு.

அணைத்த பின்னும் ஒளிர்தல்

ஈரமேறிய இணைப்பான், காப்பு உரிந்த கம்பி ஆகியவற்றின் வழியே சில மில்லி ஆம்பியர் கசிவது பழைய வண்டிகளில் இயல்பு. இழை விளக்கு இதைப் பொருட்படுத்தாது, எல்.இ.டி. ஒளிரும். கசியும் இடத்தைக் கண்டு சரிசெய்வதே முறை. கண்டுபிடிக்க இயலாதபோது விளக்குக்குப் பக்கவாட்டில் 1,000 ஓம், 2 வாட் தடை ஒன்றை இணைத்தால் கசிவு அதன் வழியே சென்றுவிடும். இது 24 வோல்ட்டிலும் 1 வாட்டுக்குக் குறைவாகவே சூடேறும். எனினும் கசிவு நீடித்தால் மின்கலன் இறங்கும் என்பதை மறக்கலாகாது.

மின்னேற்றக் குறிவிளக்கு

முகப்புப் பலகையின் எல்லா விளக்குகளையும் மாற்றும் ஆர்வத்தில் மின்னேற்றக் குறிவிளக்கையும் மாற்றிவிடுவதுண்டு. ஆல்டர்னேட்டர் எனப்படும் மாறுதிசை மின்னாக்கி கொண்ட வண்டிகள் பலவற்றில் இவ்விளக்கு வெறும் அறிவிப்பு மட்டுமன்று. மின்னாக்கியின் சுழலிக்கு முதற்காந்தம் ஊட்டும் மின்னோட்டம் இதன் வழியாகவே செல்கிறது. எல்.இ.டி.யின் வழியே போதிய மின்னோட்டம் செல்லாததால், பொறியை முடுக்கி உயர்வேகத்தில் ஓட்டினாலன்றி மின்னேற்றம் தொடங்காமல் போகலாம். காலையில் வண்டி கிளம்பாதபோது மின்கலன் மேல் பழி விழும். இந்த ஒரு விளக்கை மட்டும் இழை விளக்காகவே விட்டுவைப்பது நன்று. மாற்றியே தீரவேண்டுமாயின் பக்கவாட்டில் 12 வோல்ட் வண்டிக்கு 68 ஓம், 24 வோல்ட் வண்டிக்கு 200 ஓம் அளவில் 5 வாட் தடை இணைக்க வேண்டும். டைனமோ உள்ள மிகப் பழைய வண்டிகள் எஞ்சிய காந்தத்தால் தாமே தொடங்குவதால் அவற்றில் இச்சிக்கல் இல்லை.

அடிக்கடி கருகுதல்

எல்.இ.டி. விளக்குகள் மாதம் ஒன்று என்று கருகினால் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் கருவியை ஐயுற வேண்டும். 24 வோல்ட் வண்டியில் பொறி ஓடும்போது 30 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சீராக்கி பழுது. மின்கலன் முனை தளர்ந்திருத்தல் மற்றொரு காரணம். மின்னாக்கி ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்கலன் இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால், 24 வோல்ட் அமைப்பில் 100 வோல்ட்டையும் தாண்டும் துடிப்பு எழக்கூடும். இழை விளக்கு அதைத் தாங்கிக்கொள்ளும். மின்னணுச் சுற்று தாங்காது.

உருகி பற்றி ஒரு சொல். எல்.இ.டி. பொருத்தியவுடன் உருகி போனால், விளக்கின் அடிமுனை பெட்டியின் கூட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். உருகிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் சாலையோரப் பட்டறைகளில் உண்டு. உருகி காப்பது விளக்கை அன்று, கம்பிச்சட்டத்தை.

நிறமும் முகப்பு விளக்கும்

சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. பொருத்தினால் ஒளி மங்கி வெளிறித் தெரியும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலமும் மஞ்சளும் மிகுதி, சிவப்பு குறைவு. அந்தச் சிறு பங்கை மட்டுமே கண்ணாடி வெளியே விடும். ஆகவே சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பும், திசைகாட்டிக்கு மஞ்சளும் கொண்ட எல்.இ.டி.களையே வாங்குதல் வேண்டும்.

முகப்பு விளக்கு முற்றிலும் வேறு செய்தி. எச்4 வகை இழை விளக்கில் இழைகள் இருக்கும் இடத்தைக் கொண்டே எதிரொளிப்பான் வளைக்கப்பட்டுள்ளது. எல்.இ.டி. துண்டுகள் அதே புள்ளியில், அதே அளவில் அமைவது அரிது. சற்று விலகினாலும் தாழ்கற்றையின் மேல்விளிம்பு சிதைந்து, எதிரே வருபவரின் கண் கூசும். இருவழிச் சாலையில் இது பின்விளக்கு எரியாததற்கு நிகரான இடர். மங்கிய முகப்பு விளக்குக்கு முதலில் செய்யத் தக்கது, மின்கலனில் இருந்து நேரே தடித்த கம்பி இழுத்து, உருகியுடன் ஒரு ரிலே வழியாக விளக்குக்குக் கொடுப்பதாகும். பழைய வண்டிகளில் முழு மின்னோட்டமும் தேய்ந்த நிலைமாற்றி வழியே சென்று 1 அல்லது 2 வோல்ட்டை இழந்துவிடுகிறது. அதை மீட்டாலே பழைய இழை விளக்கு கண்கூடாக வெளிச்சமடையும்.